முத்திரைக்கு அலைவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வெளிநாட்டு வேலைக்கோ படிப்புக்கோ கிளம்புகிறவர்கள் சான்றிதழ் கட்டை ஏஜென்டிடம் கொடுத்து, "அட்டஸ்டேஷன் பண்ணிக் கொடுங்க", அதாவது சான்றிதழ் உண்மையானதுதான் என்று அரசு முத்திரை வாங்கிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். எந்த நாட்டுக்கு என்பதைப் பொறுத்து வழியே மாறிவிடும். ஒரு நாட்டின் ஆவணத்தை இன்னொரு நாடு எளிதாக ஏற்பதற்கான 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு, நம் வெளியுறவு அமைச்சகம் சான்றிதழில் ஒட்டித் தரும் 'அப்போஸ்டில்' ஸ்டிக்கர் போதும்; இந்தியா 2005-இல் சேர்ந்தது. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் நாடுகளுக்கு என்றால் நம் வெளியுறவு அமைச்சக முத்திரைக்குப் பிறகு அந்தந்தத் தூதரக முத்திரையும் வேண்டும். யாரோ எப்போதோ சொன்ன நாடுகளின் பட்டியலையும் நம்பாதீர்கள். சவூதி 2022-இல் சேர்ந்துவிட்டது. கனடாவில் 2024-இல் அப்போஸ்டில் நடைமுறைக்கு வந்தது. ஜெர்மனி உறுப்பு நாடுதான், ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஆட்சேபம் தெரிவித்ததால் நம் அப்போஸ்டில் அங்கே செல்லாது.

நம் ஊர்க்காரர்களை அதிகம் படுத்துவது இனிஷியல். மார்க்‌ஷீட்டில் 'எஸ். குமார்' என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயரும் விரிந்து 'குமார் சுந்தரம்' ஆகியிருக்கும். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தால் பெயரே இருக்காது, வெறும் 'ஆண்' என்று மட்டும் இருக்கும். நமக்கு இது ஒரே ஆள் என்று தெரியும், அங்கே இருக்கும் அதிகாரிக்கு எப்படித் தெரியும்? அப்போஸ்டில் இதைச் சரிசெய்யாது. சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மை என்று மட்டுமே அது சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பதற்குப் பொறுப்பேற்பதில்லை. ஆகவே பெயர் சேர்ப்பது, எழுத்துப் பிழை திருத்துவது எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுங்கள். திருத்திய பிறகு புதுச் சான்றிதழ் தருவார்கள், பழையதில் வாங்கிய முத்திரைக்குச் செலவழித்த காசு போனது போனதுதான். மார்க்‌ஷீட் திருத்தம் மாதக் கணக்கில் இழுக்கும் என்பதால், விசா தேதி நெருங்கும்வரை காத்திருப்பதுதான் இதில் மிகப் பெரிய தவறு என்பேன்.

நோட்டரி கையெழுத்து ஒன்றே போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. பட்டம், பிறப்பு, திருமணச் சான்றிதழ்களை முதலில் மாநில அரசின் உரிய துறை சரிபார்க்க வேண்டும், அதற்கு அப்புறம்தான் வெளியுறவு அமைச்சகம். சான்றிதழை லேமினேட் செய்யவும் வேண்டாம், முத்திரை குத்தவும் ஸ்டிக்கர் ஒட்டவும் தாள் தாளாகவே இருக்க வேண்டும். ஏற்கெனவே செய்திருந்தால் வீட்டில் பிரிக்கப் பார்க்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து உரிந்துவிடும்.

பணம்? அமைச்சகத்தின் அப்போஸ்டில் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். 2012 முதல் அமைச்சகம் மனுதாரரிடம் நேரடியாக வாங்குவதில்லை. அங்கீகரித்த நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க வேண்டும், அவற்றின் சேவைக் கட்டணம் தனி. ஏஜென்ட் ஆயிரக்கணக்கில் கேட்டால் எதற்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். சான்றிதழ் கைக்கு வந்த அன்றே, ஸ்டிக்கரில் உள்ள எண்ணை அமைச்சகத்தின் இணையதளத்தில் போட்டுச் சரிபாருங்கள். போலி ஸ்டிக்கர் என்றால் ஊரில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.