சின்ன போஸ்ட் எழுதறது எப்படி? கத்திரிக்கா வண்டிய வச்சு ஒரு விளக்கம்

எங்க சித்தப்பா இலவம்பாடி பக்கம் முள்ளு கத்திரிக்கா போடறாரு, வேலூருக்கு வண்டி வர்ற அன்னிக்கு போஸ்ட்டெல்லாம் எழுதறது நான் தான். அக்கவுண்ட் தொறக்கறது, போட்டோ ஏத்தறதுலாம் உங்களுக்கே தெரியும், நேரா எழுதறதுக்கு வந்துடலாம்.

ஸ்டெப் 1: ஒரு போஸ்ட்டுக்கு ஒரு சேதி

காந்தி நகர்ல சாயங்காலம் காய் வாங்க கிளம்பற அக்காவுக்கு வண்டி எங்க நிக்கும்னு தெரிஞ்சா போதும். 2023ல இந்த கத்திரிக்காக்கு புவிசார் குறியீடு கெடச்சது பெரிய விஷயம் தான், அத தனியா இன்னொரு நாள் போடுங்க.

ஸ்டெப் 2: மொத வரியிலயே பொருள் வரணும்

"அனைவருக்கும் இனிய வணக்கம், எங்கள் தோட்டத்தில் விளைந்த தரமான..."னு இழுத்தா இன்ஸ்டாகிராம் ரெண்டு வரியோட மடிச்சிடும். மொத்தம் 2,200 எழுத்துக்கு இடம் இருக்கு, ஆனா மடிச்சத தொறந்து படிக்கறவங்க கம்மி. நாங்க போடறது இப்படி:

"இலவம்பாடி முள்ளு கத்திரிக்கா, இன்னிக்கு காலைல பறிச்சது. காந்தி நகர்ல சாயங்காலம் 5 மணிக்கு வண்டி நிக்கும். கிலோ 60 ரூபா."

"விலைக்கு இன்பாக்ஸ் வரவும்"னு போடறது எனக்கு சுத்தமா புடிக்காது. வாங்க வர்றவங்கள எதுக்கு அலைய விடணும், விலைய போட்டுடுங்க.

ஸ்டெப் 3: எழுத்து கணக்கு

இத மட்டும் பொறுமையா படிங்க, தமிழ்ல எழுதறவங்க முக்கால்வாசி பேரு மாட்டறது இங்க தான். எக்ஸ்ல (பழைய ட்விட்டர்) இலவச அக்கவுண்ட்டுக்கு ஒரு போஸ்ட்டுல 280 எழுத்துன்னு சொல்றாங்களே, அது நாம ஸ்கூல்ல எண்ணின எழுத்து இல்ல. க-வுக்கு 1, ஆனா கா-வுக்கு 2, கு-வுக்கு 2, க்-குக்கும் 2, ஏன்னா காலு கொம்பு புள்ளி எல்லாம் தனித்தனியா கணக்குல ஏறும். "முள்ளு கத்திரிக்காய்" நம்ம கண்ணுக்கு 10 எழுத்து, அங்க நடுவுல விட்ட இடத்தையும் சேத்து 20. எமோஜி ஒண்ணுக்கு 2, லிங்க் எவ்ளோ நீளமா இருந்தாலும் 23. அதனால நம்ம கணக்குல 140 எழுத்து கிட்ட வந்தாலே நிறுத்திடுங்க.

பத்தலன்னா சேதிய வெட்டாதீங்க, வார்த்தைய வெட்டுங்க. "வந்துகொண்டிருக்கிறது" 20, "வருது" வெறும் 5. தரமான, அருமையான, மிகவும் இதெல்லாம் தூக்கினா ஒண்ணும் குறையாது.

பட்டன் போன் வச்சிருக்கற பழைய கஸ்டமருக்கு எஸ்எம்எஸ் அனுப்பறதா இருந்தா இன்னும் கஷ்டம், ஒரு எஸ்எம்எஸ்ல இங்கிலீஷ்ல 160 போகும், தமிழ்ல 70 தான். இடம், நேரம், விலை, அவ்ளோ தான் நிக்கும்.

ஸ்டெப் 4: வாயால சொல்லிட்டு அப்பறம் திருத்துங்க

எதுத்தாப்புல ஆள் நிக்கற மாதிரி நெனச்சுகினு ஜிபோர்டு (கூகுள் கீபோர்டு) மைக்ல சொல்லுங்க, பேச்சு அப்படியே வந்து விழும். திருத்தறதுக்கு எனக்கு செல்லினம்ங்கற தமிழ் கீபோர்டு ஆப் தான் வசதி. ஊர் பேரும் விலையும் சரியா விழுந்துச்சான்னு ரெண்டு தடவ பாருங்க, மைக் அதுல தான் அதிகமா தடுமாறும்.

அப்டேட்: டிடிபி கடைல அடிச்சு வாங்கின தமிழ், ஃபேஸ்புக்ல போட்டா இங்கிலீஷ் எழுத்தா கொட்டுதுன்னு ஒருத்தர் கேட்டாரு. அது பாமினிங்கற பழைய ஃபான்ட்ல அடிச்சது, அந்த ஃபான்ட் இல்லாத இடத்துல இங்கிலீஷ் எழுத்தா தான் தெரியும். என்எச்எம் கன்வெர்ட்டர்ங்கற சாஃப்ட்வேர்ல போட்டு யூனிகோடா (எல்லா போன்லயும் தெரியற தமிழ் எழுத்தா) மாத்திட்டு ஒட்டுங்க, சரியாயிடும்.

இன்னொரு அப்டேட்: வாட்ஸ்அப்ல விலைய தடிமனா காட்ட ரெண்டு பக்கமும் நட்சத்திரம் போட்டும் வரலன்னாங்க. நட்சத்திரத்துக்கும் வார்த்தைக்கும் நடுவுல இடம் விட்டிருப்பீங்க, ஒட்டி வைங்க.