சினைப்பைப் புற்றுநோய்: நான் செய்த தவறுகள், நீங்கள் தவிர்க்க வேண்டியவை

2016-இல் எனக்கு 49 வயது. தீபாவளி முடிந்ததிலிருந்து உள்பாவாடை நாடா இறுக்க ஆரம்பித்தது. வயசாகிறது, மாதவிடாய் நிற்கிற நேரம், தொப்பை போடுகிறது என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். நான்கு இட்லி சாப்பிடுகிறவள் ஒன்றரை இட்லியோடு கை கழுவினேன். ஓமத் தண்ணீர், பெருங்காயம் போட்ட மோர், மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய கேஸ் மாத்திரை என்று நான்கு மாதம் ஓடிப்போனது. ஸ்கேன் எடுத்தபோது வயிற்றுக்குள் நீர் கோத்திருந்தது. சினைப்பையில் (ஓவரி) புற்றுநோய், மூன்றாம் நிலை.

மூன்று கீமோ, பெரிய ஆபரேஷன், மறுபடியும் மூன்று கீமோ. 2017-இல் சிகிச்சை முடிந்தது. அப்புறம் மகளிர் குழுக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். நோயாளியாக நான் செய்த தவறுகள், வீட்டார் செய்தவை, பேசத் தொடங்கிய பிறகு புதிதாகச் செய்தவை எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து வந்திருக்கின்றன. எதையும் பெயர் சொல்லி, கணக்குச் சொல்லிப் பேசாததுதான் அது.

"வாயுதான், வேறொன்றுமில்லை"

இந்த நோய் சத்தமில்லாமல் வரும், முற்றிய பிறகுதான் தெரியும் என்று ரொம்ப காலம் நம்பினார்கள். அது முழு உண்மை இல்லை. அமெரிக்காவில் டாக்டர் பார்பரா காஃப் தலைமையிலான குழு நோயாளிகளிடம் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு, 2007-இல் ஒரு அறிகுறிப் பட்டியலை வெளியிட்டது. வயிறு உப்பலாக அல்லது பெரிதாக இருப்பது, கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுவது, அடிவயிற்று வலி, அடிக்கடி அல்லது அவசரமாகச் சிறுநீர் வருவது. இவற்றில் ஏதாவது ஒன்று, ஓராண்டுக்குள் புதிதாகத் தொடங்கி, மாதத்தில் 12 நாளுக்கு மேல் இருந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அந்த 12 நாள் என்ற கணக்குதான் முக்கியம். வயிறு உப்பாத மனிதர் யார்? சாதாரண வாயு வரும், போகும். இது போகாது. இரவு படுக்கும்போதும் இருக்கும், காலையில் எழுந்தாலும் இருக்கும். நான் டாக்டரிடம் போனபோது "கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்குங்க" என்றுதான் சொன்னேன். அதைக் கேட்டு அவர் என்ன செய்வார்? கேஸுக்கு எழுதிக் கொடுத்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. பால் கணக்கு எழுதுகிற அதே காலண்டரில் வயிறு உப்பிய நாளுக்கு ஒரு புள்ளி வையுங்கள். "போன மாசம் 17 நாள், இந்த மாசம் 20 நாள்" என்று சொன்னால் எந்த டாக்டரும் நிமிர்ந்து உட்காருவார். ஸ்கேன் தேவையா என்று நீங்களே கேளுங்கள். ஐம்பது வயதுக்கு மேல் முதல் முறையாக இப்படிப்பட்ட குடல் தொந்தரவு வந்தால், அதை வெறும் குடல் பிரச்சினை என்று ஒதுக்கிவிடக் கூடாது. அந்த வயதில் அது புதிதாகத் தொடங்குவது குறைவு.

"கர்ப்பப்பையைத்தான் எடுத்தாச்சே"

நம் பேச்சில் எல்லாவற்றுக்கும் கர்ப்பப்பை என்ற ஒரே சொல்தான். கர்ப்பப்பை வேறு, அதன் வாய் வேறு, இரண்டு பக்கமும் இருக்கிற சினைப்பைகள் வேறு. இது தெரியாததால் வருகிற குழப்பங்களைக் கூட்டத்துக்குக் கூட்டம் பார்க்கிறேன்.

பாப் ஸ்மியர் எடுத்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள். அந்தப் பரிசோதனை கர்ப்பப்பை வாய்க்கு உரியது, சினைப்பையைப் பற்றி எதுவும் சொல்லாது. எச்பிவி தடுப்பூசியும் அப்படித்தான். மகளுக்குக் கட்டாயம் போடுங்கள், ஆனால் சினைப்பைக்கும் சேர்த்துப் பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். இன்னொரு பக்கம், சினைப்பை நீர்க்கட்டி என்று ரிப்போர்ட்டில் பார்த்ததும் புற்றுநோய் என்று அழுகிற இளம்பெண்கள். மாதவிடாய் வரும் வயதில் சாதாரண நீர்க்கட்டிகள் மிகவும் சகஜம், பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும்.

என்னைக் கவலைப்பட வைப்பது வேறு. முப்பத்தைந்து, நாற்பது வயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட பெண்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். "சினைப்பையையும் எடுத்தார்களா?" என்று கேட்டால் தெரியாது. டிஸ்சார்ஜ் சம்மரி எங்கே என்றால், வீடு மாறும்போது போய்விட்டது. சினைப்பை உள்ளே இருந்தால் அதில் நோய் வரும் வாய்ப்பும் இருக்கிறது. அந்தக் காகிதத்தைத் தேடி எடுங்கள், ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வையுங்கள்.

இந்த நோயின் மிகக் கடுமையான வகை பெரும்பாலும் சினைப்பையில் இல்லை, அதை ஒட்டியிருக்கிற கருக்குழாயின் முனையில்தான் தொடங்குகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது. அதனால் குடும்பக் கட்டுப்பாட்டுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ வயிற்றில் ஆபரேஷன் நடக்கும்போது, குழாயை முழுதாக எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

"நம்பர் ஏறிடுச்சு"

இந்த நோயில் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதத்தை அளக்கிற சிஏ 125 என்ற பரிசோதனை தெரியாமல் எங்கள் உலகத்தில் யாரும் இல்லை. 35-க்குள் இருந்தால் சாதாரணம் என்பார்கள். ராசிபலன் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்த காலம் எனக்கும் உண்டு. 11-லிருந்து 14 ஆனதற்கு இரண்டு இரவு தூங்கவில்லை. அந்த ஏற்றத்துக்கு எந்த அர்த்தமும் இல்லை என்று டாக்டர் சிரித்தபடி சொன்ன பிறகுதான் சாப்பாடு இறங்கியது.

சிகிச்சையில் இருப்பவருக்கு இந்த எண் உதவுகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் மாதவிடாய் நாட்களில் ஏறும். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்கிற எண்டோமெட்ரியோசிஸ் இருந்தால் ஏறும். நம் நாட்டில் மறக்கவே கூடாத ஒன்று, வயிற்றுக் காசநோயிலும் ஏறும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு வயிற்றில் நீர், எண் பல நூறு. வீட்டில் சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு அழுதுவிட்டார்கள். திசுப் பரிசோதனையில் காசநோய் என்று வந்தது. மாத்திரை சாப்பிட்டாள், இன்று பூக்கடை வைத்திருக்கிறாள். நேர்மாறாகவும் நடக்கும். முதல் நிலையில் இருக்கும் நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த எண் சாதாரணமாகவே இருக்கும்.

சிகிச்சை முடிந்த பிறகும் எண்ணைத் துரத்தாதீர்கள். எண் ஏறிய உடனே கீமோ தொடங்கியவர்களையும், அறிகுறி வரும்வரை காத்திருந்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2010-இல் வெளியானது. இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவு காலம் வாழ்ந்தார்கள். முன்னதாகத் தொடங்கியவர்களுக்கு நிம்மதியான நாட்கள்தான் குறைந்தன. மருந்துகள் அதற்குப் பின் மாறியிருக்கின்றன. உங்களுக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும் என்பதை உங்கள் டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

"கட்டிதானே, சின்ன ஆபரேஷன்"

ஸ்கேனில் சந்தேகமான கட்டி என்று வந்தால், அவசரப்பட்டு அருகில் இருக்கும் இடத்தில் எடுத்துவிடாதீர்கள். சினைப்பைக்குள் மட்டும் அடங்கியிருக்கும் கட்டி, எடுக்கும்போது உடைந்தால் உள்ளே இருக்கும் செல்கள் வயிற்றில் சிந்தும், நோயின் நிலையே ஒரு படி ஏறிவிடும். அதனால்தான் அப்படிப்பட்ட கட்டியில் ஊசி போட்டு நீரை உறிஞ்சுவதையும் தவிர்க்கிறார்கள். பெண்களின் புற்றுநோய் ஆபரேஷனுக்கென்றே பயிற்சி பெற்ற நிபுணர்கள் இருக்கிறார்கள். முதல் ஆபரேஷனில் நோயை எவ்வளவு முழுதாக எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே பிறகு எல்லாம். பணம் என்று தயங்குகிறவர்களுக்கு: தமிழ்நாடு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. சிகிச்சைக்குப் போய்வரும் புற்றுநோயாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயில் கட்டணத்தில் சலுகை உண்டு. இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

"வெளியே சொல்லாதே, பொண்ணுக்கு வரன் பார்க்கணும்"

இதை என்னிடம் சொன்னது என் சொந்த அண்ணி. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் ஒரு வருடம் அப்படித்தான் இருந்தேன். "வயித்துல கட்டி, எடுத்தாச்சு" என்றே எல்லோரிடமும் சொன்னேன்.

இந்த மறைப்புக்கு விலை இருக்கிறது. சினைப்பைப் புற்றுநோய் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பரம்பரையாக வரும் மரபணு மாற்றம் காரணம். பொதுவாக ஒரு பெண்ணுக்கு வாழ்நாளில் இந்த நோய் வரும் வாய்ப்பு நூறில் ஒன்றை ஒட்டியது. பிஆர்சிஏ 1 மரபணுவில் மாற்றம் இருப்பவர்களுக்கு 80 வயதுக்குள் நூறில் 44 வரை போகிறது. பிஆர்சிஏ 2 என்றால் ஏறத்தாழ 17. மார்பகப் புற்றுநோய்க்கும் இதே மரபணுக்கள்தான். அம்மா வழியில் மட்டும் வரும் என்று நினைப்பது இன்னொரு தவறு. அப்பாவிடமிருந்தும் வரும். அத்தைக்கும் அப்பாவைப் பெற்ற பாட்டிக்கும் என்ன நோய் இருந்தது என்று கேட்டால்தான் கதை முழுதாகத் தெரியும். "வயித்துல ஏதோ வந்து போயிட்டாங்க" என்று சொல்லப்படுகிற அந்தப் பாட்டிக்கு உண்மையில் என்ன வந்தது?

சோதனையை முதலில் செய்ய வேண்டியது நோய் வந்தவருக்கு. அவரிடம் மாற்றம் இருந்தால்தான் பிள்ளைகளுக்கும் கூடப் பிறந்தவர்களுக்கும் குறிப்பாக அதையே தேடிப் பார்க்க முடியும். நோயாளிக்கும் லாபம் உண்டு. ஓலாபரிப் போன்ற மாத்திரைகள் அந்த மாற்றம் உள்ளவர்களுக்கு நன்றாக வேலை செய்வதை 2018-இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. நடிகை ஏஞ்சலினா ஜோலி 2015-இல் சினைப்பைகளை எடுத்துக்கொண்ட செய்தியைப் படித்துவிட்டு, எனக்கும் எடுத்துவிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவருக்கு பிஆர்சிஏ 1 மாற்றம் உறுதியாகியிருந்தது, அம்மாவை இந்த நோயில் இழந்திருந்தார். சோதனையும் மரபணு ஆலோசகரோடு பேச்சும் இல்லாமல் அந்த முடிவுக்கு வராதீர்கள்.

என் மகளுக்கு வரன் பேசியபோது, மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே சொன்னேன். ஒரு இடம் பதில் சொல்லவில்லை. இரண்டாவது இடத்தில் கல்யாணம் நடந்தது.

"அதான் ட்ரீட்மென்ட் முடிஞ்சிருச்சே"

கடைசிக் கீமோ அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். அடுத்த வாரமே நான் பழையபடி அடுப்படியில் நிற்பேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நானும் எதிர்பார்த்தேன். உடம்பு கேட்கவில்லை.

பக்லிடாக்செல் என்ற கீமோ மருந்து கை, கால் விரல்களில் மதமதப்பை விட்டுப் போகும். சிலருக்கு மாதங்களில் சரியாகும், சிலருக்கு வருடக்கணக்கில் இருக்கும். எனக்குக் கோலப்பொடி விரலில் நிற்கவில்லை. வெந்நீரின் சூடு தெரியாமல் காலில் கொப்புளம் வரவைத்துக்கொண்டேன். அதனால் வெந்நீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள். இரண்டு சினைப்பையும் எடுத்த நாளிலேயே மாதவிடாய் நின்ற நிலை வந்துவிடுகிறது. உடம்பு பற்றி எரியும், தூக்கம் கெடும், எலும்பு தேயும், தாம்பத்தியத்தில் வறட்சியும் வலியும் வரும். கடைசியாகச் சொன்னதை நான் நான்கு வருடம் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டபோது ஐந்து நிமிடத்தில் தீர்வு சொன்னார்கள். கேளுங்கள்.

கசாயம், முள்சீத்தாப்பழம் என்று யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அன்பினால்தான். புற்றுநோயை அது குணப்படுத்தும் என்பதற்கு மனிதர்களிடம் நடந்த நம்பகமான ஆய்வு எதுவும் இல்லை. எதைக் குடித்தாலும் டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

"நான் ஜெயிச்சுட்டேன்"

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1954-இல் எழுந்ததற்குப் பின்னால், தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் வேதனை இருந்தது. நம் காலத்தில் நடிகை மனிஷா கொய்ராலா, 2012-இல் தனக்கு வந்தது சினைப்பைப் புற்றுநோய் என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல்கிறவர்கள் இருந்ததால்தான் எனக்கும் வாய் திறக்கத் தெம்பு வந்தது.

ஆனால் பேசுகிறவர் தவறாகச் சொன்னால் அது நூறு வீட்டுக்குப் போகிறது. ஆரம்பத்தில் நான் எல்லாக் கூட்டங்களிலும் "வருஷத்துக்கு ஒரு தடவை ரத்தம், ஸ்கேன் எடுத்துடுங்க" என்று சொன்னேன். இலவச சிஏ 125 முகாம் நடத்தவும் திட்டம் போட்டேன். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2021-இல் முடிவைச் சொன்னது: அறிகுறி இல்லாத சாதாரணப் பெண்களுக்கு இப்படி வருடாந்திரப் பரிசோதனை செய்ததால் இந்த நோயில் இறப்பவர்கள் குறையவில்லை. தேவையில்லாத ஆபரேஷன் மட்டும் சிலருக்கு நடந்தது. முகாமை விட்டேன். இப்போது அறிகுறியையும் குடும்பக் கதையையும் மட்டுமே பேசுகிறேன். வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பிக் கேட்பவர்களுக்கு நான் விளக்கம் சொல்வதில்லை. எந்த டாக்டரிடம் போகலாம், என்ன கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

இன்னொரு தவறைத் திருத்திக்கொள்ள எனக்கு அதிக நாள் ஆனது. மேடையில் "மன தைரியம் இருந்தா ஜெயிக்கலாம், நான் ஜெயிச்சுட்டேன்" என்பேன். கைதட்டுவார்கள். என்னோடு ஒரே வார்டில் கீமோ எடுத்த ஒருத்தி கூட்டங்களுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போய்ப் பார்த்தேன். அவளுக்கு நோய் திரும்பியிருந்தது. "அப்ப எனக்குத் தைரியம் பத்தலையாக்கா?" என்று கேட்டாள். முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் திரும்புகிறது. அது நோயின் குணம், அவர்களுடைய குறை இல்லை. இது தெரிந்தும் நான் அப்படிப் பேசியிருக்கிறேன்.

இப்போது மேடையில், "2017-இல் சிகிச்சை முடிந்தது. இப்போதைக்கு என் உடம்பில் நோய் இல்லை" என்று மட்டும் சொல்கிறேன். அவள் மறுபடியும் வருகிறாள், மூன்றாவது சுற்று மருந்தில் இருக்கிறாள். தலையில் துண்டு கட்டிக்கொண்டு முதல் வரிசையில் உட்காருகிறாள். 12 நாள் கணக்கைச் சொல்கிற பகுதியை அவள்தான் பேசுகிறாள்.