அன்றாட வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

வரலாற்றுக் கேள்விகளுக்கு விடை எழுதத் தொடங்கியிருக்கும் இளைஞர் ஒருவர், தம் கட்டுரையை அச்சுக்கு அனுப்பும் முன் ஒருமுறை பார்த்துத் தருமாறு அண்மையில் என்னிடம் கொடுத்தார். ரோமப் பேரரசில் ஒரு கூலித் தொழிலாளி தன் ஒரு நாள் கூலியைக் கொண்டு என்னென்ன வாங்க முடிந்தது என்பதே கேள்வி. இரண்டாம் பக்கத்தில் இருந்த அட்டவணையைக் கண்டதும் எனக்கு வெட்கமாகிவிட்டது. முதலில் முடிதிருத்தும் கூலி, அடுத்துப் பன்றி இறைச்சி, பிறகு உழவர் காலணி, கடைசியில் கோதுமை என்ற அந்த வரிசை, பல ஆண்டுகளுக்கு முன்பு நான் போட்ட வரிசை. நான் கவனக்குறைவால் விட்டுவிட்ட ஒரு சொல் அதிலும் விடுபட்டிருந்தது. யார் யார் கையைக் கடந்து அது தம்மிடம் வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. என் பெயர் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டிருந்தது. அந்த அளவுக்கு நான் பிழைத்தேன்.

வைக்கிங் வீரரின் தலைக்கவசத்தில் கொம்பு வைப்பது, ரோமானியச் சிப்பாய்க்கு உப்பையே சம்பளமாக அளந்து கொடுப்பது போன்ற பிழைகளை இங்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அவற்றைத் திருத்துவதற்கென்றே ஒருவர் எப்போதும் எங்காவது காத்திருக்கிறார். சான்றும் எண்ணும் சேர்ந்து நின்று, பார்ப்பதற்கு மிகவும் ஒழுங்காகத் தோன்றுவதால் யாருமே தட்டிக் கேட்காமல் நிலைத்துவிடும் தவறுகளைப் பற்றியே எழுதுகிறேன்.

ஆணையை நடப்பு என்று எண்ணுவது

நான் பயன்படுத்திய சான்று பொய்யானதன்று. கி.பி. 301ஆம் ஆண்டின் இறுதியில் பேரரசர் டயோக்ளீஷியனும் அவருடைய இணை ஆட்சியாளர்களும் வெளியிட்ட விலை ஆணை அது. 1,000க்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் வேலைகளுக்கும் விலையும் கூலியும் அதில் குறிக்கப்பட்டிருக்கின்றன. பேரரசின் கிழக்குப் பகுதி நகரங்களில் கல்லில் வெட்டி வைக்கப்பட்ட அதன் துண்டுகள் பல இடங்களிலிருந்து கிடைத்து, ஒன்றோடொன்று பொருத்தப்பட்டுப் படிக்கப்பட்டுள்ளன. வேளாண் கூலியாளுக்கு நாளொன்றுக்கு 25 தெனாரியஸ் (ரோமானிய நாணயக் கணக்கு), முடிதிருத்துபவருக்குத் தலைக்கு 2, ஒரு ரோமானிய இராத்தல் பன்றி இறைச்சிக்கு 12, உழவரும் கோவேறு கழுதை ஓட்டுபவரும் அணியும் நல்ல காலணிக்கு 120, படைமுகாம் மோடியஸ் என்னும் அளவையில் கோதுமைக்கு 100 என்று அது சொல்கிறது. எண்களைப் பார்த்தவுடன் எனக்குக் கை துறுதுறுத்தது. வகுத்துப் பார்த்து, ஒரு ஜோடி காலணி வாங்க ஏறக்குறைய ஐந்து நாள் உழைக்க வேண்டும், ஒரு மோடியஸ் கோதுமைக்கு நான்கு நாள் உழைக்க வேண்டும் என்று எழுதிவிட்டேன். அந்தக் கூலி 'உணவுடன்' என்று ஆணையிலேயே இருப்பதைக்கூட அட்டவணையில் சேர்க்கவில்லை. அந்த ஒரு சொல் விடுபட்டதால், எசமானர் வீட்டில் சாப்பிட்டவனையும் நான் பட்டினி போட்டுவிட்டேன்.

ஆனால் 'உணவுடன்' என்பதைச் சேர்த்திருந்தாலும் அந்த அட்டவணை தேறியிருக்காது. அந்த எண்கள் எவையும் சந்தையில் நிலவிய விலைகள் அல்ல. இதற்கு மேல் விற்கக் கூடாது என்று அரசு வைத்த உச்சவரம்புகள் அவை; மீறினால் மரண தண்டனை. ஒரு விலையைக் காக்க அரசு மரண தண்டனை வரை போக நேர்ந்தால், அந்த விலைக்கு யாரும் விற்கவில்லை என்றுதான் முதலில் ஐயப்பட வேண்டும். நான் ஐயப்படவில்லை. இதில் என்னை இன்றுவரை உறுத்துவது என்னவென்றால், இதைக் கண்டுகொள்ள எந்த ஆராய்ச்சியும் தேவைப்படவில்லை. ஆணையின் முகவுரையிலேயே அரசர்கள் புலம்பித் தீர்க்கிறார்கள்: விலைகள் நான்கு மடங்கு, எட்டு மடங்கு என்றுகூடச் சொல்ல முடியாத அளவுக்கு ஏறிவிட்டன என்றும், ஒரே ஒரு கொள்முதலில் சிப்பாய் தன் சம்பளத்தையும் வெகுமதியையும் இழந்துவிடுகிறான் என்றும் அவர்களே சொல்கிறார்கள். நான் முகவுரையைத் தாண்டி நேராகப் பட்டியலுக்குப் போனேன். ஏட்டுச் சுரைக்காய்க்கு எடை போட்டுச் சமையல் கணக்கு எழுதினேன் என்பதுதான் உண்மை.

ஆணைக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதை அதே காலத்தில் வாழ்ந்த லாக்டான்டியஸ் எழுதி வைத்திருக்கிறார். அச்சத்தால் சரக்கு சந்தைக்கே வராமல் போயிற்று, பஞ்சம் முன்னிலும் கடுமையாயிற்று, அற்பப் பொருள்களுக்காக இரத்தம் சிந்திற்று, இறுதியில் ஆணை தானாகவே கைவிடப்பட்டது என்கிறார். அவர் கிறித்தவர், கிறித்தவர்களைத் துன்புறுத்திய டயோக்ளீஷியனைப் பற்றி நல்ல சொல் ஒன்றும் அவரிடம் எதிர்பார்க்க முடியாது. எனவே அவர் கூற்றையும் சற்றுத் தள்ளுபடி செய்தே கொள்ள வேண்டும். ஆயினும் பதுக்கல் என்பது பகைவர் கற்பனை செய்து சொல்ல வேண்டிய விஷயம் அன்று.

இந்தப் பிழைக்கு நான் கொடுத்த விலை சிறியதன்று. அந்த அட்டவணையை அடிப்படையாக வைத்து ரோமானிய ஏழைகளின் உணவு, உடை, கடன் ஆகியவை பற்றி மேலும் மூன்று விடைகளை எழுதியிருந்தேன். ஒரு வாசகர் முகவுரையை மட்டும் படியெடுத்து, அதன்கீழ் ஒரு கேள்விக்குறியைப் போட்டு அனுப்பினார். மூன்றையும் திரும்பப் பெற்று, எகிப்தில் கிடைத்த, பாப்பிரஸ் என்னும் நாணல் தாளில் எழுதிய கணக்குகளையும் பற்றுச்சீட்டுகளையும் தேடிப் படித்து மீண்டும் எழுத ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. அப்படி எழுதிய திருத்தம் எவர் கண்ணிலும் படவில்லை. பழைய அட்டவணைதான் இன்னும் ஊர் சுற்றுகிறது.

இது ஓர் ஆணையோடு நிற்கும் தவறு அன்று. 1348இல் இங்கிலாந்தை அடைந்த கொள்ளைநோயால் உழைப்பாளர் தொகை திடீரென்று குறைந்தபோது, நோய்க்கு முந்தைய கூலிக்கே அனைவரும் வேலை செய்ய வேண்டும் என்று 1349இல் ஓர் ஆணையும் 1351இல் ஒரு சட்டமும் பிறந்தன. சட்டத்தை மட்டும் படிப்பவர் கூலி உயரவில்லை என்று எழுதுவார். நீதிமன்றப் பதிவேடுகளையும் புரட்டுபவரோ, கூடுதல் கூலி வாங்கியதற்காகத் தண்டம் கட்டியோர் எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில் மட்டும் 1352இல் ஆயிரக்கணக்கில் இருந்ததைக் காண்பார்.

போரைப் பற்றிய கேள்விகளிலும் இதே குழிதான். 1139இல் கூடிய இரண்டாம் லாட்டரன் திருச்சபைப் பொதுச்சங்கம், கிறித்தவர்களுக்கு எதிராகக் குறுக்குவில் வீரர்களையும் வில்லாளிகளையும் பயன்படுத்துவதைச் சாபத்துக்குரியது என்று தடை செய்தது. இதைப் படித்துவிட்டு, "பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தமக்குள் குறுக்குவில் கொண்டு போரிடவில்லை" என்று எழுதியவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்ட் 1199இல் பிரான்சில் ஒரு சிறு கோட்டையை முற்றுகையிட்டபோது குறுக்குவில் அம்பு பாய்ந்த காயத்தால்தான் இறந்தார். அவருடைய படையிலும் குறுக்குவில் வீரர் இருந்தனர்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்திலிருந்து வருகிறது. அங்கே 1424இல் கால்பந்து தடை செய்யப்பட்டது. ஆடுபவருக்கு நான்கு பென்னி தண்டம். 1457இலும் 1471இலும் 1491இலும் அத்தடை மீண்டும் மீண்டும் வந்தது. பணிந்து நடக்கும் மக்களுக்கு ஒரே தடையை நான்கு முறை யாரும் போடுவதில்லை. கடைசித் தடை நான்காம் ஜேம்ஸ் அரசரின் ஆட்சியில் வந்தது. 1497ஆம் ஆண்டுக் கருவூலக் கணக்கிலோ, அதே அரசருக்குப் பந்து வாங்குவதற்காக இரண்டு ஷில்லிங் கொடுத்த செலவு பதிவாகியிருக்கிறது. சட்டத்தை இயற்றிய அரண்மனையில் கணக்குப்பிள்ளையின் ஏடு வேறு கதை சொல்கிறது. இரண்டில் எதை நம்புவீர்கள் என்று கேட்டால் நான் கணக்குப்பிள்ளையைத்தான் நம்புவேன். அவருக்கு யாரையும் திருத்தும் நோக்கம் இல்லை.

இதைப் புரிந்துகொண்ட உடனே எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுபவர்களும் உண்டு. தடை இருந்தால் எல்லாரும் அதைச் செய்துகொண்டிருந்தார்கள் என்று அடித்துச் சொல்லிவிடுவார்கள். ஒரே ஒருவன் செய்த காரியத்தைக் கண்டு மிரண்டும் ஆட்சியாளர் சட்டம் போடக்கூடும். அந்தச் சட்டம் யாரால், எந்த நெருக்கடியில், யாரைச் சமாதானப்படுத்துவதற்காக வந்தது, திரும்ப வந்ததா, அதன்படி தண்டிக்கப்பட்டவர் எவரேனும் உண்டா என்று தேடாதவரை, ஆணை சொல்வது ஆணையிட்டவரின் விருப்பத்தை மட்டுமே. இளைஞரின் கட்டுரையில் அட்டவணையை அடித்துவிட்டு, ஓரத்தில் 'முகவுரையைப் படிக்கவும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சற்று வருந்தினார். அட்டவணைதான் கட்டுரையிலேயே அழகாக இருந்தது என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

காகிதப் படையைக் களத்தில் நிறுத்துவது

"அந்தப் போரில் எத்தனை பேர்?" என்பது அடிக்கடி வரும் கேள்வி. கிரேக்கத்தின்மேல் படையெடுத்த பாரசீக மன்னர் செர்க்ஸஸின் தரைப்படை 17,00,000 என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். கப்பற்படை, துணைப்படை, ஏவலாளர் என அனைவரையும் கூட்டி 52,83,220 வரை போகிறார். அவ்வளவு பேருக்கும் நாளொன்றுக்கு எவ்வளவு தானியம் வேண்டும் என்று அவரே வகுத்தும் பார்க்கிறார். வகுத்தலில் சிறிது பிசகுகிறார். வந்த விடையைக் கண்டு வியக்கிறாரே தவிர, தொகையைக் குறைக்கவில்லை. தலைக்கு ஒரு கிலோ தானியம் என்றாலே அந்தத் தரைப்படை ஒரு நாளில் 1,700 டன் தின்றுவிடும். அதைச் சுமக்கும் விலங்குகளுக்கும் தீனி வேண்டும். குடிநீர், சாலையின் அகலம், அணிவகுப்பின் நீளம் என்று இதேபோல் கணக்கிட்டுப் பார்ப்பவர்கள் எல்லாரும் மிகச் சிறிய தொகைக்கே வந்து நிற்கிறார்கள்.

பெருமைக்காகச் சொல்லப்பட்ட எண்ணை ஐயப்படுவது எளிது. அலுவலக எண்ணை ஐயப்படத்தான் பலருக்குத் தோன்றுவதில்லை. பிரித்தானியாவின் வடஎல்லையில் வின்டொலாண்டா என்னும் ரோமானியப் படைமுகாமில் கிடைத்த மரப்பட்டிகை ஒன்று, துங்ரியர் முதற்படைப்பிரிவின் ஒரு நாளைய ஆள்கணக்கு. ஏட்டின்படி 752 பேர். அவர்களில் 456 பேர் வேறு இடங்களுக்குப் பணிக்குப் போயிருந்தனர். முகாமில் இருந்த 296 பேரில் 15 பேர் நோயாளிகள், 6 பேர் காயம்பட்டவர்கள், 10 பேருக்குக் கண்ணழற்சி. ஆக அன்று ஆயுதம் ஏந்தத் தகுதியோடு அங்கே இருந்தவர்கள் 265 பேர். இத்தனைக்கும் அது போர் நடந்துகொண்டிருந்த நாளாகத் தெரியவில்லை.

சராசரி ஆயுளை முதுமை என்று படிப்பது

பிறக்கும்போது எதிர்பார்க்கப்படும் ஆயுள் முப்பது என்றால், முப்பது வயதில் தலை நரைத்தது என்று பொருள் அன்று. குழந்தைகள் ஏராளமாக இறந்தார்கள் என்று பொருள். குடியரசுக் கால ரோமில் கான்சல் என்னும் உயர் ஆட்சிப் பதவிக்கு 42 வயது வேண்டும் என்ற விதி இருந்ததை இதற்குச் சான்றாகக் காட்டலாம். (அதுவும் விதிதான். பின்னாளில் அகஸ்டஸ் என்று பேரரசரான ஆக்டேவியன் கி.மு. 43இல் தம் பத்தொன்பதாம் வயதிலேயே அப்பதவியில் அமர்ந்துகொண்டார்.)

'அந்தக் காலத்தில்' என்று தொடங்குவது

எந்த நூற்றாண்டு, எந்த ஊர், யார் வீடு? மூன்றும் தெரியாவிட்டால் வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

கேள்வியை அப்படியே வாங்கிக்கொள்வது

"இடைக்கால ஐரோப்பியர் தண்ணீர் குடிக்காமல் பீர் மட்டும் குடித்தது ஏன்?" என்று கேட்டால் காரணம் தேடி ஓடாதீர்கள். இலண்டன் மாநகரம் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே டைபர்ன் ஓடைப் பக்கத்து ஊற்றுகளிலிருந்து ஈயக் குழாய் பதித்து நீர் கொண்டுவரச் செலவு செய்திருக்கிறது. குடிக்காத நீருக்கு அவ்வளவு ஈயம் எதற்கு?

எழுதப்படாததை இல்லாதது என்று முடிவு கட்டுவது

எல்லாருக்கும் தெரிந்ததை யாரும் எழுதி வைப்பதில்லை. காலையில் எழுந்து பல் துலக்கியதைப் பயணிகூடத் தன் குறிப்பில் எழுதமாட்டார். துலக்க முடியாமல் போன நாளைத்தான் எழுதுவார். ஆகவே அன்றாட வாழ்வைத் தேடுபவர், வழக்கம் முறிந்த இடங்களில் தேட வேண்டியிருக்கிறது: விபத்து, வழக்கு, தண்டம், புகார், விடுப்பு. நான் தொடங்கிய காலத்தில் அரசர்களின் கல்வெட்டுகளில் சாமானியரைத் தேடிச் சலித்துப்போய், பல கேள்விகளுக்குச் 'சான்று இல்லை' என்று எழுதி மூடியிருக்கிறேன். பிற்பாடு அவற்றுள் சிலவற்றையேனும் மீண்டும் திறக்க வேண்டியதாயிற்று.

எகிப்தில் அரசர் கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் வாழ்ந்த தெய்ர் எல்-மெதினா ஊரிலிருந்து கிடைத்த சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்று இப்போது பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இரண்டாம் ராம்செஸின் நாற்பதாம் ஆட்சியாண்டில் யார் யார் எந்தெந்த நாள் வேலைக்கு வரவில்லை என்ற பட்டியல் அது. ஒருவனைத் தேள் கொட்டியது, ஒருவன் நோயுற்றிருந்தான், ஒருவன் வீட்டில் பீர் வடித்துக்கொண்டிருந்தான், ஒருவன் இறந்த உறவினரின் உடலைத் துணியால் சுற்றப் போயிருந்தான். வேலைக்கு வந்த நாள்களில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதைப் பற்றி அந்த எழுத்தர் அத்துண்டில் ஒரு சொல்லும் எழுதவில்லை.