18,70,374: பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிப்பது எப்படி?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி மாவட்டத்தில் வாழ்ந்தவர்கள் 18,70,374 பேர். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் அடிக்கடி பார்க்கும் எண்தான். இதையே பகாக் காரணிகளாகப் பிரித்துப் பார்ப்போம். தாளும் பேனாவும் போதும். கால்குலேட்டரைத் தள்ளி வையுங்கள். விடையை விட, எண் பிரிந்து வரும் விதம்தான் அழகு.

படி 1: கடைசி இலக்கம் 4, ஆகவே இரட்டைப்படை எண். 2 ஆல் வகுத்தால் 9,35,187.

படி 2: இதன் இலக்கங்களைக் கூட்டினால் 33. அது 3 ஆல் வகுபடும், 9 ஆல் வகுபடாது. எனவே 3 ஒரே ஒரு முறைதான் வரும். ஈவு 3,11,729.

படி 3: 5, 7 இரண்டும் மீதி தருகின்றன. அடுத்தது 11. இங்கே சற்று நில்லுங்கள். முதலில் எடுத்த 18,70,374-ஐ வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாகக் கூட்டுங்கள்: 4+3+7+1 = 15. விடுபட்டவை: 7+0+8 = 15. இரண்டும் சமம், ஆகவே 11 ஆல் மீதியின்றி வகுபடும். காரணம் எளிது: 10 என்பது 11-க்கு ஒன்று குறைவு, 100 என்பது 99-க்கு ஒன்று அதிகம், 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு. 11, 99, 1001 எல்லாமே 11-இன் மடங்குகள். அதனால்தான் இலக்கங்களைக் கூட்டியும் கழித்தும் வருகிறோம். வித்தியாசம் 0 என்றோ 11-இன் மடங்கு என்றோ வந்தால் போதும். 3,11,729 ÷ 11 = 28,339.

படி 4: 13 மீதி தருகிறது. 17 சரியாக வகுக்கிறது, ஈவு 1,667.

படி 5: 1,667 பகா எண்ணா? பலரும் களைத்துப்போகும் இடம் இது. 41×41 = 1,681, அதாவது 1,667-ஐத் தாண்டிவிடுகிறது. 41 அல்லது அதற்கு மேற்பட்ட காரணி ஒன்று இருந்தால், அதன் இணை 41-க்குக் கீழே இருந்தாக வேண்டும். ஆகவே 37 வரையுள்ள பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். எதுவும் வகுக்கவில்லை, 1,667 பகா எண்.

18,70,374 = 2 × 3 × 11 × 17 × 1,667

எந்தப் பகா எண்ணும் இருமுறை வரவில்லை. ஒரு காரணியை உருவாக்க ஒவ்வொன்றையும் சேர்க்கலாம் அல்லது விடலாம்; எனவே 2×2×2×2×2 = 32 காரணிகள். ஒவ்வொரு பகா எண்ணுடனும் 1 சேர்த்துப் பெருக்கினால் இந்தக் காரணிகள் எல்லாவற்றின் கூடுதலும் கிடைக்கும்: 3×4×12×18×1,668 = 43,23,456. இதில் அந்த எண்ணையே கழித்தாலும் 24,53,082 மிஞ்சும். அது மூல எண்ணை விடப் பெரியது என்பதால் 18,70,374 ஒரு மிகை எண்.

இனி நீங்களே செய்து பாருங்கள். அதே கணக்கெடுப்பில் இம்மாவட்ட ஆண்களின் எண்ணிக்கை 9,26,345. இதில் 7 இருமுறை வரும். அதனால் 7-ஐ விடலாம், ஒருமுறை சேர்க்கலாம், இருமுறை சேர்க்கலாம் என மூன்று வழிகள் உண்டு. கடைசியில் 199 நிற்கும். அதை 13 வரை சோதித்தால் போதும். மொத்தம் 24 காரணிகள் வர வேண்டும்.