ஜிஎஸ்டி: சிறு கடைக்காரர் 14ஆம் தேதி செய்ய வேண்டிய வேலை

தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் பொதுவாக 40 லட்சம் ரூபாயையும், சேவைத் தொழில் செய்பவரின் விற்றுமுதல் 20 லட்சத்தையும் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகிறது. பதிவு எண் 33 என்று தொடங்கும். அடுத்த பத்து இடங்களில் உங்கள் பான் எண் இருக்கும். ஆடிட்டர் வழியாகப் பதிவை எளிதில் முடித்துவிடலாம். பணம் கரைவது அதற்குப் பின்னர் வரும் மாதாந்திரக் கணக்கில்தான்.

2017 ஜூலை 1 அன்று பழைய வாட் போய் ஜிஎஸ்டி வந்தபோதும் அடிப்படை மாறவில்லை: நீங்கள் கூட்டிய மதிப்புக்கு மட்டுமே வரி. ஒரு ஹார்டுவேர் கடைக்காரர் 1,00,000 ரூபாய்க்குப் பெயின்ட் வாங்கி, 18 சதவீதமாக 18,000 ரூபாய் வரி கொடுக்கிறார். அதையே 1,25,000 ரூபாய்க்கு விற்று, வாடிக்கையாளர்களிடம் 22,500 ரூபாய் வரி வசூலிக்கிறார். கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டு அவர் அரசுக்குக் கட்ட வேண்டியது 4,500 ரூபாய்.

ஆனால் பில் கையில் இருப்பதாலேயே அந்த 18,000 ரூபாயைக் கழித்துவிட முடியாது. சரக்கு விற்றவர் தம்முடைய ஜிஎஸ்டிஆர்-1 என்னும் விற்பனைக் கணக்கில் அந்தப் பில்லை ஏற்றியிருந்து, அது உங்கள் கொள்முதல் பில்களைக் காட்டும் 2பி பட்டியலில் வந்திருந்தால்தான் இன்புட், அதாவது கொள்முதலில் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, கிடைக்கும். வராவிட்டால் 22,500 ரூபாயையும் கைப்பணமாகவே கட்ட நேரிடும். மாதந்தோறும் தாக்கல் செய்வோருக்கு ஜிஎஸ்டிஆர்-1க்குக் கடைசி நாள் 11ஆம் தேதி, 2பி உருவாவது 14ஆம் தேதி, 3பி என்னும் வரிக் கணக்கைத் தாக்கல் செய்து வரி கட்டக் கடைசி நாள் 20ஆம் தேதி. இடையில் இருக்கும் இந்த ஆறு நாட்களை வீணாக்காதீர்கள். கொள்முதல் பில்களைத் தேதி வரிசையில் அடுக்கி, 2பி பட்டியலோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, வராத பில்லுக்கு உரியவரை அன்றே கூப்பிட்டுப் பேசுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தாக்கல் செய்பவரிடம் வாங்கியிருந்தால் பில் தாமதமாகவும் வரலாம் என்பதால், புதிதாக ஒருவரிடம் வாங்கும்போதே இதைக் கேட்டுவைப்பது நல்லது. உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் ஓரிடம் தவறினாலும் பில் உங்கள் பட்டியலுக்கு வராது. ஆகவே சரக்கை இறக்குவதற்கு முன்பே பில்லில் உள்ள எண்ணைச் சரிபாருங்கள். நான் ஒருமுறை அவசரத்தில் இதைப் பார்க்காமல் விட்டு, திருத்தம் வரும்வரை இரண்டு மாதம் அலைந்தேன்.

கல்லாவில் சேரும் வரிப் பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள். சரக்கு வாங்க அதைத் தொட்டுவிட்டு, 20ஆம் தேதி புரட்ட முடியாமல் தவிப்பவர்களை ஒவ்வொரு மாதமும் பார்க்கிறேன். தாமதமான வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டியும், தாமதக் கட்டணமாக நாளொன்றுக்கு 50 ரூபாயும் சேரும். வியாபாரமே நடக்காத மாதத்துக்கும் தாக்கல் தவறினால் நாளுக்கு 20 ரூபாய்.

விற்றுமுதல் 1.5 கோடிக்குள் இருந்து, மாநிலத்துக்குள்ளேயே சில்லறையாக விற்பவர் காம்போசிஷன் என்னும் எளிய முறையில் விற்றுமுதலில் 1 சதவீதம் மட்டும் கட்டலாம். கணக்குச் சுமை குறையும். ஆனால் இன்புட் கிடையாது, பில்லில் வரி வசூலிக்கவும் கூடாது. ஆகவே, இன்புட் எதிர்பார்க்கும் வியாபாரிகளுக்கு விற்பவருக்கு இது ஒத்துவராது என்பது என் கருத்து.

சரக்குக்கான பணத்தை 180 நாட்களுக்குள் விற்றவருக்குக் கொடுக்காவிட்டால், எடுத்த இன்புட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். ஒரு நிதியாண்டில் விட்டுப்போன இன்புட்டை அடுத்து வரும் நவம்பர் 30க்குள் எடுத்துக்கொள்ளலாம். ஆகவே தீபாவளி வியாபாரம் ஓய்ந்ததும் பழைய ஆண்டுக் கோப்பை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.