பந்தயத்துக்கும் பயணத்துக்கும் ஒரே படகு: அளவுத்தாளைப் படிப்பது எப்படி?

சனிக்கிழமை பந்தயம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கடலில் தூக்கம். இரண்டுக்கும் ஒரே பாய்மரப் படகு என்றால் எங்காவது விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும். எங்கே விட்டுக்கொடுத்தார்கள் என்பதைப் படகின் அளவுத்தாளே சொல்லிவிடும். பழகிப் பார்க்க நான் எடுத்துக்கொள்வது கேல் 40. பில் லாப்வொர்த் வடிவமைத்து, 1963 முதல் கலிபோர்னியாவில் கண்ணாடியிழையில் கட்டப்பட்ட படகு.

தாளில் இருப்பவை இவை: மொத்த நீளம் 39 அடி 4 அங்குலம், நீர்க்கோட்டு நீளம் (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்) 30 அடி 4 அங்குலம், அகலம் 11 அடி, எடை 15,000 பவுண்டு, அதில் அடிப்பாரம் (படகை நிமிர்த்தி வைக்க அடியில் சேர்க்கும் பாரம்) 6,000 பவுண்டு, பாய்ப் பரப்பு சுமார் 700 சதுர அடி.

படி 1: தண்ணீருக்கு அடியில் பாருங்கள்

புதியவர்கள் முதலில் சமையலறையைத்தான் பார்ப்பார்கள். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய பயணப் படகுகள் பலவற்றில் ஏரா, அதாவது அடியிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் தகடு, படகின் அடி நெடுக நீண்டிருக்கும். சுக்கான் அதன் பின்விளிம்பிலேயே ஒட்டியிருக்கும். லாப்வொர்த் ஏராவைத் மீனின் துடுப்புபோலக் குறுக்கி, சுக்கானைப் பிரித்துப் பின்கோடியில் தனியாகத் தொங்கவிட்டார். தண்ணீர் உரசும் பரப்பு குறைந்தது. சுக்கான் பின்னால் தள்ளிப் போனதால் திருப்பும் நெம்புகோல் நீண்டது. பின்காற்றில் அலைமேல் சறுக்கும்போதும் படகு பிடிக்குள் நின்றது.

அந்தச் சறுக்கல்தான் இதன் புகழுக்குக் காரணம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஹொனலுலு வரை 2,225 கடல் மைல் ஓடும் டிரான்ஸ்பேக் பந்தயம் பெரும்பாலும் பின்காற்றில் நடப்பது. 1965, 1967, 1969 என அடுத்தடுத்து மூன்று முறையும் நேரச்சலுகைக் கணக்கில் (படகுக்குப் படகு நேரத்தைச் சரிக்கட்டும் முறை) ஒட்டுமொத்த வெற்றி பெற்றவை கேல் 40 படகுகள்.

படி 2: வேக எல்லையைக் கணக்கிடுங்கள்

நீர்க்கோட்டு நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்குங்கள். 30.33இன் வர்க்கமூலம் 5.5, விடை 7.4. மணிக்கு 7.4 கடல் மைல், அதாவது சுமார் 13.7 கிலோமீட்டர். படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கி நிற்கும் வேகம் இது. பின்னால் வரும் அலை தூக்கிவிடும்போது எடை குறைந்த படகு இதைத் தாண்டும். கேல் 40 பத்தையும் தாண்டும்.

படி 3: அடிப்பார விகிதம்

6,000ஐ 15,000ஆல் வகுத்தால் 40 சதவீதம். காற்று சாய்க்கும்போது நிமிர்த்துவது இந்தப் பாரம். இந்த அளவு படகுக்கு நல்ல எண். ஆனால் பாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதும் முக்கியம். அதை இந்தச் சதவீதம் சொல்லாது.

படி 4: படுக்கைகளைப் பாருங்கள்

அணியத்தில் (படகின் முன்பகுதியில்) இருக்கும் அகலப் படுக்கை துறைமுகத்தில் சுகம். அலைக்கடலில் தூக்கிப் போட்டுவிடும். ஓடும் படகில் தூங்க நடுப்பகுதியும் பின்பகுதியும்தான் இடம், அதுவும் உருளாமல் இருக்க ஒடுக்கமாக. அகலமான மெத்தையைக் காட்டி விற்கிறவரிடம், படகு சாய்ந்து ஓடும்போது எங்கே படுப்பது என்று கேளுங்கள்.

படி 5: பாய்க்கும் எடைக்கும் உள்ள விகிதம்

கால்குலேட்டர் இருந்தால் போதும். எடையை 64ஆல் வகுத்தால் 234 கன அடி. படகு விலக்கும் கடல்நீர் அவ்வளவு. அதன் கனமூலம் 6.17, அதன் வர்க்கம் 38. பாய்ப் பரப்பு 700ஐ 38ஆல் வகுத்தால் 18.4. பொதுவாக 16க்குக் கீழே என்றால் நிதானமான பயணப் படகு, 20க்கு மேலே என்றால் பந்தய வெறி. இது நடுவில் நிற்கிறது.

இப்போது விடுமுறைக்குக் கிளம்புங்கள்: குடிநீர், டீசல், கூடுதல் நங்கூரம், சங்கிலி, அரிசி மூட்டை, பிள்ளைகளின் பைகள் என 2,000 பவுண்டு ஏற்றிவிட்டு அதே கணக்கைப் போடுங்கள். 18.4 என்பது 16.9 ஆகிவிடும்.