ஹம்மிங்பேர்ட் பார்க்கும்போது தொண்டையை மட்டும் நம்பாதீர்கள்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கூடு கட்டும் ஹம்மிங்பேர்ட் (பூவின் முன் அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும் குட்டிப் பறவை) ஒரே இனம்தான்: ரூபி த்ரோட்டட், அதாவது மாணிக்கச் சிவப்புத் தொண்டை கொண்டது. அப்புறம் அடையாளம் காண்பதில் என்ன சிரமம் என்று தோன்றும். புதிதாகப் பார்க்க வருபவர்கள் தடுமாறுவதே பெயரில் இருக்கும் அந்தச் சிவப்புத் தொண்டையில்தான்.

அந்தச் சிவப்பு சாயம் அல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால் வரும் நிறம். போன கோடையில் ஓர் ஆண் பறவை இலையில்லாத கிளை நுனியில் உட்கார்ந்திருந்தது. தொண்டை கன்னங்கரேலென்று இருந்தது. வேறு இனமோ என்று நினைப்பதற்குள் தலையை என் பக்கம் திருப்பியது. ஊதிவிட்ட கரித்துண்டு போலத் தொண்டை முழுக்கச் சிவந்தது. அடுத்த நொடி மறுபடியும் கறுப்பு. ஆகவே அவசரப்பட்டுப் பெயர் வைக்காமல் அது தலையைத் திருப்பும்வரை பொறுங்கள்.

சிவப்பே இல்லை என்றால் பெண் என்று முடிவு கட்டுவதும் தவறு. அந்த வருடம் பொரித்த ஆண் குஞ்சுக்கும் தொண்டை வெளுப்புதான். வாலைப் பாருங்கள்: வளர்ந்த ஆணின் வால் கவட்டை போலப் பிளந்திருக்கும், அதில் வெள்ளை இருக்காது. பெண்ணுக்கும் இளசுக்கும் ஓரத்து வாலிறகுகளின் நுனி வெள்ளை. வளர்ந்த ஆண்கள் ஆகஸ்டிலேயே தெற்கே கிளம்பத் தொடங்கிவிடுவதால் செப்டம்பரில் இந்தக் குழப்பம் அதிகம். குளிர்காலத்தில் ஒன்று வந்தால் கட்டாயம் படம் எடுங்கள். அது மேற்கிலிருந்து வந்த ரூஃபஸ் இனமாக இருக்கலாம்.

பூவின் முன் அந்தரத்தில் நிற்பதெல்லாம் பறவையும் அல்ல. தலையில் உணர்கொம்பு தெரிந்தால் அது அந்துப்பூச்சி. நம் ஊர்த் தேன்சிட்டும் வேறு குடும்பம். அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி ஹம்மிங்பேர்ட் கிடையாது.

பைனாகுலரோடு பின்னால் ஓடாதீர்கள். அது வழக்கமாக உட்காரும் கிளையைக் கண்டுபிடித்துக் காத்திருந்தால் அதுவே வரும். சர்க்கரைத் தண்ணீர் வைப்பதானால் 4 பங்கு தண்ணீருக்கு 1 பங்கு வெள்ளைச் சர்க்கரை போதும். சிவப்புச் சாயம் வேண்டாம், தேன் வேண்டவே வேண்டாம். தேன் கலந்த தண்ணீரில் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். வெயில் காலத்தில் 2 நாளுக்கு ஒருமுறை கழுவி மாற்றுங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, படத்துக்காகக் கூட்டை நெருங்குவது. பாதி வால்நட் ஓடு அளவே உள்ள கூடு அது. சிலந்தி நூலால் கட்டி, வெளியே மரப்பாசி ஒட்டி, தாய் தனியாகவே அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கிறது. நீங்கள் பக்கத்தில் நின்றால் அது கூட்டுக்குத் திரும்பத் தயங்கும். அதுவரை குஞ்சுகளுக்கு இரை கிடையாது. கூடு கண்ணில் பட்டால், தயவுசெய்து, பின்னால் நகர்ந்துவிடுங்கள்.